நாலு, மூணு, ரெண்டு

ஸ்டேஷனில் இருந்தவர்கள் நான்கு பேர்: இன்ஸ்பெக்டர், ஒரு கான்ஸ்டபிள், முதலாளி, அவருடைய டிரைவர். முதலாளியின் கார் இடித்துத் தள்ளிய சைக்கிள்காரர் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

வாசலிலேயே முதலாளி டிரைவரின் காதில் சீறியிருந்தார். “நான்தான் ஓட்டினேன்னு சொல்லு. நீ உள்ள போனா தேட யாருடா இருக்கா? சொந்த மூளையை மட்டும் உபயோகிக்காதே, அது உனக்குக் கிடையாது.”

“யாருய்யா ஓட்டினது?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“நான்தான் சார்.”

“எப்படி இடிச்சே?”

“திருப்பத்துல வேகத்தைக் குறைச்சேன் சார். கிளட்சை மிதிச்சு நாலுலேருந்து மூணு, மூணுலேருந்து ரெண்டுன்னு கியரை இறக்கினேன். அதுக்குள்ள சைக்கிள் குறுக்க வந்துடுச்சு.”

முதலாளியின் முகம் சுண்டியது.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். “வெளிய நிக்கிற வண்டியைப் பார்த்துட்டுத்தான் வரேன். அது ஆட்டோமேட்டிக். வேகம் குறைஞ்சா கியர் தானா இறங்கும், கிளட்சே கிடையாது. அதுல ஒரு நாளாவது உக்காந்திருக்கியா நீ?”

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டான்.

“சார், ஆறு வருஷமா அந்த வண்டியை இவன்தான் ஓட்டறான். வேணும்னே சொல்றான், நாய்.”

“ஆறு வருஷமா ஓட்டறவனுக்கு அதுல கிளட்ச் இல்லேன்னு தெரியாதா? பொய்யைக் கொஞ்சம் பொருந்தச் சொல்லுங்க, பெரிய மனுஷரே. சைக்கிள்காரர் கண்ணைத் திறந்து ஆளைக் காட்டற வரைக்கும் நீங்க உள்ள இருங்க.”

முதலாளியின் குரல் தானாகவே இறங்கியது. டிரைவரைப் பார்த்து “டேய்” என்றார், “தம்பி” என்றார், கடைசியில் “ஐயா” என்றார்.

கான்ஸ்டபிள் லாக்கப் கதவை முதலாளியின் முதுகுக்குப் பின்னால் சாத்திப் பூட்டினார்.