இர்மாவின் பரண்

“அந்த மரத்துல ஏறாத, இர்மா, சொல்றதக்…”

“என் பரண். ஏறுவேன். கத்தாத, தோய்வோ!”

“அடிபட்ட மான் ஏணில ஏறுமாடி? ரத்தத்தப் பாரு!”

அன்று காலை இர்மா மரத்தின் மேலிருந்த வேட்டைப் பரணிலிருந்து எய்த அம்பு மானின் விலாவில் பாய்ந்தது. உடனே துரத்தினால் மான் வெகுதூரம் ஓடிவிடும். அதனால் அரை மணி நேரம் பரணிலேயே காத்திருந்துவிட்டு இறங்கினாள். கணவன் தோய்வோவை அழைத்துவந்து, மிச்சிகன் பனியில் ரத்தத் தடத்தைத் தொடர்ந்தாள். அது தேவதாருக் காட்டைச் சுற்றிவந்து இதே மரத்தடியில் நின்றது. ஏணிப் படி ஒவ்வொன்றிலும் ரத்தம் ஈரமாக இருந்தது. மேலே யாரும் தெரியவில்லை. பரணின் இருக்கை மட்டும் கிரீச்சிட்டது.

“நாளைக்கே இதப் பிரிச்சுப் போடறேன்.”

“தொட்டுத்தான் பாரேன்.”

வில்லை அவன் கையில் திணித்துவிட்டு ஏறினாள். கடைசிப் படியில் நின்று, காலி இருக்கையைப் பார்த்துச் சொன்னாள்:

“தள்ளி உக்காரு. இது என் இடம்.”