துறவிக்கு முன்னால்

கயிற்றுத் தடுப்பை வயிற்றால் தள்ளிக்கொண்டு, கழுத்தை நீட்டி, அந்த அம்மாள் இன்றைக்கும் ஓவியத்தின் முன்னால் நின்றிருந்தாள். தோளில் அதே பெரிய பை.

ஓவியக்கூடக் காவலாளி அந்தப் பையையே பார்த்தான். குகை இருட்டில் தன்னந்தனியாக மண்டியிட்டிருக்கும் கறுப்பு அங்கித் துறவி. பத்தொன்பதாம் நூற்றாண்டு எண்ணெய் ஓவியம். போன மாதம் பக்கத்து அறையில் சின்னப் படம் ஒன்று காணாமல் போய், அங்கே காவலுக்கு இருந்தவருக்கு வேலை போனது. அதற்குப் பிறகுதான் துறவிக்குக் கண்ணாடி போட்டார்கள். கண்ணாடியைத் துடைத்துவிட்டால், அந்த இருட்டில் முகம் பார்த்துத் தலைகூட வாரிக்கொள்ளலாம்.

இவனுக்கு இந்த வாரம்தான் வேலை நிரந்தரமாகப் போகிறது. அது போனால் கல்யாணமும் போச்சு. "எங்க வீட்டுல இன்னும் பிடி கொடுக்கல. நீ வேலையில ஒழுங்கா இரு, அது போதும்" என்று அவன் கட்டிக்கொள்ள நினைக்கும் பெண் காலையில்கூடப் போனில் சொல்லியிருந்தாள்.

அவன் ஜன்னல் பக்கம் நடந்தான். அந்த அம்மாள் படத்தின் ஒரு ஓரத்துக்கு நகர்ந்தாள். அவன் வாசலுக்கு வந்தான். அவள் மறு ஓரத்துக்குப் போனாள். திரும்பி மட்டும் பார்க்கவில்லை.

பக்கத்து அறைக்குப் புதிதாக வந்த காவல்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, உன் துறவிக்கு ஒரு பக்தை கிடைச்சாச்சு போலிருக்கே!"

"பக்தையா? தினமும் வருதுண்ணே. வேற ஒரு படத்தை ஏறெடுத்தும் பாக்கல. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் அளவெடுக்குது."

"அப்ப பையைத் திறக்கச் சொல்லு. பெரிய இடத்து அம்மாவா இருந்து புகார் போச்சுன்னா, நான் இந்தப் பக்கமே வரல, ஆமா!" தலை மறைந்துவிட்டது.

அவன் அந்த அம்மாளின் பக்கத்தில் போனான். "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. பையைக் கொஞ்சம் காட்டணும்."

"ஏம்ப்பா, என்னைப் பாத்தா திருடி மாதிரியா இருக்கு?"

"எங்க அம்மா வந்தாலும் கேப்பேம்மா."

"கேட்டுட்டு?"

"உக்கார நாற்காலி போடுவேன். ரொம்ப நேரமா நிக்கிறீங்க."

அந்த அம்மாள் பையை நீட்டினாள். ஒரு தண்ணீர்ப் புட்டி, மடித்த சால்வை, மாத்திரை அட்டை. அவ்வளவுதான்.

அவனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. நாற்காலியை இழுத்துப் போட்டான். "மன்னிச்சுக்குங்கம்மா. ஆனா, தினமும் வந்து இந்தத் துறவிகிட்ட அப்படி என்னதான் பாக்கிறீங்க?"

அந்த அம்மாள் முதன்முறையாக அவன் பக்கம் நேராகத் திரும்பினாள்.

"துறவியை யாரு பாத்தா? கண்ணாடியில உங்களைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன், மாப்பிள்ளை!"