நாலாவது குறி

"ரொட்டிக்கடைக்காரன் அடுப்புக்குள்ள ரோடு போட்டு வெச்சிருக்கீங்களே, உங்களுக்கெல்லாம் கண்ணு முகத்துலதான் இருக்கா?"

முதலாளி மரஸ்கேலால் மேசையில் ஓங்கி ஓர் அடி வைத்தார். அந்த நில அளவை ஆபீசில் அவருக்குப் பெயரே ஸ்கேல்தான். அவர் காதுபட யாரும் சொல்வதில்லை.

படம் வரையும் பெண் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினாள். அடியில், ட்ரோன் மேலிருந்து எடுத்த ஊர்ப் படம். அதன்மேல் சிவப்புக் கோடாகப் புது ரோடு. கோடு நேராகப் போய் ரொட்டிக்கடை அடுப்பில் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது.

"கோட்டுல தப்பில்ல சார். படம்தான் இடம் மாறி உக்காந்திருக்கு. தரையில நாலு இடத்துல வெள்ளை பெயிண்ட்ல பெரிய கூட்டல் குறி போட்டோம்ல? ஒவ்வொரு குறிக்கும் அளந்து எடுத்த எண் என்கிட்ட இருக்கு. படத்துல குறி தெரியற இடத்தை அந்த எண்ணோட சேர்த்தாத்தான் படம் சரியா உக்காரும். மூணு குறி கச்சிதமா சேருது. நாலாவது மட்டும் பதினாலு அடி தள்ளி நிக்குது. அது மொத்தப் படத்தையும் ஒரு பக்கமா இழுத்துடுச்சு."

"குறி போட்டது யாரு?"

தெரிந்தே கேட்ட கேள்வி. எல்லாரும் வாசலோரம் நின்றவனைப் பார்த்தார்கள். முதலாளியின் மச்சினன். மனைவியின் ஒரே தம்பி. எங்கேயும் நிலைக்காத வேலை, அக்கா புண்ணியத்தில் இங்கே ஒரு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. போன வாரம் அடித்த பெயிண்ட் இன்னும் அவன் நகக்கண்ணை விட்டுப் போகவில்லை.

"அளந்த இடத்துலதான் மாமா போட்டேன். சத்தியமா."

"அளந்தது ஒரு இடம், அப்புறமா நிழல் பாத்துக் குந்திப் பெயிண்ட் அடிச்சது இன்னொரு இடம். உன்னை எனக்குத் தெரியாதா? அன்னிக்கு அந்தப் பொட்டல்ல நாள் பூரா வெயில்ல நின்னவன் நான். மூஞ்சியைப் பாருடா!"

மூஞ்சி உரிந்துதான் இருந்தது. மூக்கு நுனி தோலுரித்த கிழங்குபோலச் சிவந்து கிடந்தது.

"நீங்க நின்னதை நான் எங்க மாமா பாத்தேன்? நாலாவது குறியைப் போட்ட கையோட, மத்த மூணையும் நாய் மிதிச்சிருக்கான்னு பாத்துட்டு வாடான்னு நடக்க விட்டுட்டீங்க. காரையாவது குடுத்தீங்களா?"

"பெயிண்ட் கையோட என் காரைத் தொடுவியா நீ? அதோட கூரையில கட்டின நீலப் பெட்டியைக்கூடத் தொட விடமாட்டேன். தப்பு யாருதுன்னு ஒப்பந்தக்காரர் ஆள் பேரு கேக்கறாரு. உன் பேரைத்தான் சொல்லப்போறேன். நாளையிலேர்ந்து இந்தப் பக்கம் வராதே."

ஆனால், மச்சினனை நிறுத்த அந்த ஆபீசில் ஒருவரின் சம்மதம் வேண்டும். அவர் ஆபீசுக்கு ஒரு நாளும் வந்ததில்லை. முதலாளி வீட்டுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரைத் தட்டி, மேசை நடுவில் வைத்தார்.

"உன் தம்பியை இன்னியோட நிறுத்தறேன். கேட்டுக்க."

"ஏங்க, கைக்குழந்தைக்காரங்க அவன். பாவம்."

"பாவமெல்லாம் வீட்டுல வெச்சுக்க. இங்க ஆதாரம் இருக்கு. ஏம்மா, அந்த நாலாவது குறியை நல்லாப் பெருசாக்கு. ஐயாவோட கைவேலையை எல்லாரும் பாக்கட்டும்."

அவள் மவுஸின் சக்கரத்தை உருட்டினாள். படம் தயங்கித் தயங்கித் தெளிந்தது. அவள் விரல் நின்றுவிட்டது.

"சார்... நான் தூரத்துல வெச்சுப் பாத்துட்டுதான் இதைக் குறின்னு எடுத்துக்கிட்டேன். இது பெயிண்ட் இல்ல சார்."

"பின்னே?"

"இதுக்கு ஷூ இருக்கு."

ஆபீசே திரைமுன் குவிந்தது. பொட்டல் தரையில் வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட்டில் ஓர் ஆள் இரண்டு கையையும் விரித்து மல்லாந்து கிடந்தான். மேலேயிருந்து பார்க்க அசல் கூட்டல் குறி.

திரையைப் பார்க்க முதலாளி எழவேயில்லை. போனைப் பார்த்துக் குதித்தார்.

"கேட்டியா? உன் தம்பி வேலை நேரத்துல கையக் கால விரிச்சுத் தூங்கியிருக்கான்! ஆகாசமே சாட்சி சொல்லுது!"

"எனக்கு ஏது மாமா ஷூ?" மச்சினன் காலைத் தூக்கிக் காட்டினான். செருப்பின் வார் ஊக்கில் தொங்கியது. "நான் போட்ட குறி எங்க மேடம்?"

அவள் படத்தைக் கொஞ்சம் நகர்த்தினாள்.

"இந்தா இருக்கு. ஒரு காரை அதுமேலயே கொண்டுவந்து நிறுத்தியிருக்காங்க. டயர் பக்கத்துல வெள்ளையா ஒரு நுனி மட்டும் எட்டிப் பாக்குது. கார் நிழல்லதான் படுத்திருப்பாங்கபோல. நிழல் நகர்ந்துடுச்சு. ஆள் நகரல."

"என்ன காரு?" ஸ்பீக்கரில் அக்கா கேட்டாள்.

முதலாளி இப்போதுதான் எழுந்து திரையைப் பார்த்தார். பார்த்ததும் அவர் கை போனைத் தேடியது. தம்பியின் கை முந்திக்கொண்டது.

"கூரையில நீலப் பெட்டி கட்டின காரு அக்கா," என்றான், ரொம்ப மரியாதையாக.

ஸ்பீக்கரில் அக்காவின் குரல் உயர்ந்தது.

"அதானே பாத்தேன்! நாள் பூரா வெயில்ல நின்ன மனுஷனுக்கு மூஞ்சி மட்டும் உரிஞ்சிருக்கு, பிடரி அப்படியே பளிச்சுனு இருக்கேன்னு!"