பொறப்பே அப்படி

தன் வீட்டிலேயே உட்காராமல் கைகட்டி நின்றாள் கன்னியம்மா. மகள் வேல்விழிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரகடம் கம்பெனியில் லைனில் நின்று நின்று அம்மாவுக்கு இதே பழக்கமாகிவிட்டது. கழுத்தில் ஐடி கார்டு தொங்கினால் போதும், எல்லாரும் சூப்பர்வைசர்தான்.

எதிரில் இருந்தவள் பள்ளிக்குப் புதிதாக வந்த ஆலோசகர் உமாதேவி. பத்தாம் வகுப்பு வேல்விழி பள்ளிக்கு முழுக்குப் போட்டு, சோற்றையும் தூக்கத்தையும் விட்டபின், அம்மாவே ஷிப்டுக்கு லீவு போட்டுவிட்டுப் போய்க் கெஞ்சிக் கூட்டி வந்திருந்தாள்.

"நீயும் உக்காரு, க... க... கன்னியம்மா."

திக்குவாய்! இதுவா பேசித் தேற்றப்போகிறது? எடுத்த எடுப்பில் 'நீ' வேறு. படித்த திமிர்.

"கிளாஸ்ல இன்னா சொல்றாங்க?" உமாதேவி வேல்விழி பக்கம் திரும்பினாள்.

"நான் உள்ள நொழஞ்சாலே, பொணம் வருதுடின்னு மூக்கப் பொத்திக்குவாங்க. போதுமா?"

"அ... அவங்க மாறுவாங்கம்மா. நீயும் இப்படியே இருக்க மாட்ட."

"இத சொல்லவா இவ்ளோ தூரம் வந்தீங்க? இந்த மாதிரி பொன்மொழி இஸ்கூல் செவுத்துலயே எழுதிக் கீது." வேல்விழி சுவரோரம் திரும்பிக்கொண்டாள். "அதுங்க பொறப்பே அப்படி. என் பொறப்பு இப்படி. எத்தினி வருசம் போனாலும் அதுங்க அதுங்கதான், நான் நான்தான். அப்புறம் இன்னாத்துக்கு சாப்புடணும்? இன்னாத்துக்கு இருக்கணும்?"

கன்னியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சொல்லட்டுமா?" என்று உமாதேவி அவளைக் கேட்டாள். கன்னியம்மா தலையாட்டினாள். எதற்கென்று தெரியாமலே ஆட்டியிருப்பாள். லைனில் அப்படித்தானே, என்று நினைத்துக்கொண்டாள் வேல்விழி.

"நானும் உங்க இஸ்கூல்லதான் படிச்சேன். என்ன மாதிரியே தி... திக்கிப் பேசிக் காட்டி கிளாஸையே சிரிக்க வெப்பா ஒருத்தி. வாயத் தொறக்கவே பயம். அவ பொறப்பே அப்படி, இது தீராதுன்னு, கெணத்துகிட்ட போய் நின்னிருக்கேன். வுழுந்திருந்தா, அவ மாறினதப் பாத்திருக்க மாட்டேன்."

"மாறிட்டாளாமா!" வேல்விழி உதட்டைச் சுழித்தாள். "சும்மா கத வுடாதீங்க மேடம். எங்க, அந்த மகராசிய இங்க கூட்டினு வாங்க பாப்போம்."

உமாதேவி இந்த முறை திக்கவில்லை.

"நான் எங்க கூட்டினு வர்றது? அவதான் என்னக் கூட்டினு வந்தா."