பன்னிரண்டாவது வீடு

நிலைவாசல் நெற்றியில் மடாரென்று இடித்தபோதே பானுமதிக்கு அந்த வீட்டின் மேல் முதல் சந்தேகம் வந்துவிட்டது.

"பார்த்து வாங்கம்மா, பழைய காலத்து வூடு, வாசலு குட்டையாத்தான் இருக்கும்" என்றார் வீட்டை விற்கும் பெரியண்ணன். இடித்த பிறகு சொன்னார்.

முன்னால் போன அவள் கணவர் மாதவராஜ் அதற்குள் கூடத்து விளக்கைப் போட்டிருந்தார். சுவிட்சு கதவுக்குப் பின்னால் இருந்தது. வெளிச்சம் வந்ததும் பானுமதி நெற்றியை விட்டுவிட்டுச் சுவரைப் பார்க்கத் தொடங்கினாள்.

தருமபுரியில் கோட்டைக் கோயிலை ஒட்டிய சந்து அது. பக்கத்து வீட்டுக்கும் இதற்கும் ஒரே சுவர். இங்கே தாளித்தால் அங்கே தும்முவார்கள். அப்படி நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் தெருவில் ஒரு வீடு விலைக்கு வருவதே அபூர்வம். அதுவும் அக்கம்பக்கத்து விலையில் முக்கால் பங்குக்கு வருகிறது என்றால், சும்மாவா வரும்?

பானுமதி அப்படித்தான். தக்காளியைக்கூட ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துத்தான் கூடையில் போடுவாள். அன்று காலை மாதவராஜ் பால் வாங்கப் போய் ஒரு மணி நேரம் கழித்து வந்தபோது, பாலைத்தான் மோந்து பார்த்தாள்.

இதுவரை பார்த்த பதினொரு வீடுகளையும் அவளே கழித்துக்கட்டியிருந்தாள். ஒன்றில் புதுச் சுண்ணாம்பு வாடை. எதை மறைக்க அடித்தார்களோ? இன்னொன்றில் விற்பவர் தேவைக்கு மேல் சிரித்தார்.

ஆனால் இனிமேல் கழிக்க நாள் இல்லை. குடியிருக்கும் வாடகை வீட்டை ஆவணிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பதினெட்டு வருடத்தில் ஐந்து வீடு மாறியாகிவிட்டது. யாரையும் கேட்காமல் சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான்.

பத்திரத்தில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. அறுபது வருடத்துக் கையெழுத்து, அவள் கண்ணுக்குப் பிடிபடவில்லை. மாதவராஜ்தான் ஞாயிற்றுக்கிழமை பொறுமையாக உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை அவளுக்கு வாசித்துக் காட்டினார்.

அதனால் அவள் தரையைப் பார்த்தாள்.

சிவப்பு சிமெண்டுத் தரை. வாசலிலிருந்து கூடத்தின் குறுக்கே ஒரு முழ அகலத்துக்குச் சிவப்பு தேய்ந்து வெளுத்திருந்தது. வருடக்கணக்கில் கால்கள் நடந்து நடந்து விழுந்த தடம். அது நேராகப் போய், பின்சுவரில் ஓர் இரும்பு பீரோவின் அடியில் முடிந்தது.

பீரோவுக்கு இத்தனை பேர் எதற்கு நடக்க வேண்டும்?

"இதுக்குப் பின்னால என்னங்க இருக்கு?"

"சுவருதாங்கம்மா" என்ற பெரியண்ணன், அடிக்காத செல்போனை எடுத்துப் பார்த்தார்.

"அடுத்தவங்க சாமான், விடு பானு" என்றார் மாதவராஜ்.

அவள் விடவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். கனமாக இருக்கும் என்று தம் பிடித்தவள் விழப் பார்த்தாள். பீரோ காலி. கிறீச்சென்று நகர்ந்துகொண்டது.

பின்னால் ஒரு கதவு. இந்தப் பக்கம் தாழ் போட்டிருந்தது.

பெரியண்ணனின் முகத்தைப் பார்த்தாள். வியர்த்திருந்தது. மாட்டினாயா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே தாழை இழுத்தாள். பதினொரு வீட்டில் கிடைக்காத வெற்றி அது.

கதவுக்கு அப்பால் பாயளவுக்கு ஒரு முற்றம், அதில் ஒரு தையல் மெஷின். தைத்து மடித்த ஜாக்கெட்டுகளைப் பையில் வைத்துக்கொண்டு, செருப்பும் போட்டு, ஒரு பெண் புறப்படத் தயாராக நின்றிருந்தாள். பின்கட்டில் குடியிருக்கும் தையல்காரி மெஹ்ஜபீன். கதவு திறந்ததும் அவள் பானுமதியைத் தாண்டி, பின்னால் நின்ற மாதவராஜைப் பார்த்தாள்.

"முடிஞ்சுதுங்களா சார்? காலையில பீரோவ நகர்த்தி வெக்கறப்ப பதினோரு மணி வரைக்கும்தான்னு சொன்னீங்க. எங்களுக்குப் போக வர இந்தக் கூடம்தானுங்க வழி. பத்திரத்துலயே எழுதியிருக்குன்னு நீங்கதானே படிச்சுச் சொன்னீங்க?"

ஞாயிற்றுக்கிழமை பானுமதியின் காதில் அப்படி ஒரு வரி விழவில்லை.

மெஹ்ஜபீன் அவளிடம் திரும்பி, மரியாதையாகச் சிரித்தாள். "ரொம்ப சந்தேகப்படுவாங்கன்னு சார் சொன்னது உங்களத்தானுங்களா?"

பெரியண்ணன் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு சந்துக்குப் போய்விட்டார்.

"நீ இதையும் வேண்டாம்னுடுவியோன்னு பயந்துட்டேன் பானு" என்றார் மாதவராஜ், தரையைப் பார்த்து.

மெஹ்ஜபீன் பையை இடுக்கிக்கொண்டு அந்த வெளுத்த தடத்தின் மேலேயே நடந்தாள். வாசல் வந்ததும் பார்க்காமலே தலையைக் குனிந்து வெளியே போனாள். பழக்கப்பட்டவள்.

பானுமதியின் கை தானாக நெற்றிக்குப் போனது. வீங்கியிருந்தது. அப்போதுதான் வலித்தது.

மாதவராஜ் அவளைவிட ஒரு சாண் உயரம். அவளுக்கு முன்னால்தான் உள்ளே வந்தார். அவருக்கு இடிக்கவே இல்லை.