காரணம் எழுதும் இடம்

"உவனை இனி ஒரு நிமிசம் கூடக் கழகத்தில வச்சிருக்கேலாது!"

நான் மேசையில் அடித்த அடியில் தேத்தண்ணிக் கிளாஸ் துள்ளியது.

ஞாயிறு பூசை முடிந்த கையோடு வாசிகசாலையில் கூடிய, எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தின் நிர்வாகக் கூட்டம். பேச வேண்டியது ஒரே ஒரு விஷயம். ஷெரோன்.

கொழும்புத்துறையில் அவனைப்போலப் பந்து அடிக்க ஆளில்லை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நேற்று அரையிறுதி ஆட்டத்துக்கு நிறைவெறியில் வந்தான். ஃபாதர் பிரதம விருந்தினராகக் கதிரையில் இருக்க, நடுக்கோட்டில் நின்று வாந்தி எடுத்தான். நடுவர் சிவப்பு அட்டை காட்டியதும் அவருடைய சேட்டைப் பிடித்துக் கிழித்தான். மூன்று கோல் வாங்கித் தோற்று, ஊர் சிரிக்கத் திரும்பி வந்தோம்.

எனக்குப் பற்றி எரிந்தது. நான் வாழ்க்கையில் ஒரு சொட்டுக் குடித்தவன் இல்லை.

"பெடியனுக்கு இன்னொருக்கால் சொல்லிப் பாப்பம், சுதாகரன்," என்றார் தலைவர் இன்னாசித்தம்பி அண்ணை.

"எத்தினை தரம் அண்ணை சொல்லுறது? அவனுக்கு நாங்கள் என்ன குறை வச்சனாங்கள்? சப்பாத்து வாங்கிக் குடுத்தம். கோல் அடிச்ச ஒவ்வொரு மட்சுக்கும் எல்லாருக்கும் முன்னால கூப்பிட்டுப் பரிசு குடுத்தம். நன்றி கெட்டவன்!"

அண்ணை கையைக் கட்டிக்கொண்டார். மற்றவர்கள் கையை உயர்த்தினார்கள். ஷெரோனை நீக்குவதென்று முடிவாகியது.

வேறு கழகத்தில் சேருவதென்றாலும் காட்டவேண்டிய அந்த நீக்கல் கடிதத்தை எழுத நான்தான் உட்கார்ந்தேன். செயலாளர் என்பதால் மட்டுமில்லை. எங்கள் கழகத்தின் கடிதம், சான்றிதழ், வாழ்த்து எல்லாமே என் கைதான். அச்சடித்த மாதிரி இருக்கும் என்று ஃபாதரே சொல்லுவார்.

பெயர் எழுதினேன். பிறந்த திகதி எழுதினேன். 'நீக்குவதற்கான காரணம்' என்ற இடத்துக்கு வந்தபோது, வாசலில் லூர்த்தம்மா வந்து நின்றாள்.

ஷெரோனின் தாய். நண்டு உடைக்கும் கொம்பனியில் வேலை. விரல்களில் துணி சுற்றியிருந்தாள். தூக்கிவந்த உரப்பையைச் சுவரோரம் மெதுவாக இறக்கி வைத்தாள்.

"அக்கா, அழுது பிரயோசனமில்லை. முடிவெடுத்தாச்சு," என்றேன்.

"நான் அழ வரேல்லைத் தம்பி. அவனை விட்டுவிடுங்கோ எண்டு கேக்கத்தான் வந்தனான்."

"என்ன?"

"மன்னாரில ஒரு கழகம் அவனைக் கேக்குது. ஐஸ் கொம்பனியில வேலையும் எடுத்துத் தருவினமாம். அங்கை குடிக்கிற ஆக்களை மைதானத்துக்குள்ளயே விடாயினமாம். உங்கடை கடிதம் கிடைச்சால் நாளைக்கே பஸ் ஏத்திப்போடுவன். அங்கை போனாலாவது பிள்ளை தப்பியிடும்."

"அதுக்குத்தானே எழுதுறன்."

"காரணத்தை மட்டும் எழுதாதேங்கோ தம்பி. அதைப் பாத்தால் அவனை எடுக்கமாட்டினம்."

எனக்குத் திரும்பவும் கோபம் ஏறியது.

"பொய் எழுதச் சொல்லுறியளே அக்கா? குடிவெறி, ஒழுக்கக்கேடு. அதுதான் உண்மை. அதைத்தான் எழுதுவன். நாளைக்கு அங்கையும் போய் ஆடினானெண்டால் ஆற்றை பேர் நாறும்? எங்கடை பேர்!"

"உங்களிட்டை வரேக்க அவனுக்குப் பத்தொன்பது வயசு. பியர் கூடக் குடிச்சதில்லை."

"அதுக்கு? நாங்களே ஊத்திக் குடுத்தனாங்கள்? வளர்ப்புப் பிழையெண்டு சொல்லுங்கோ!"

"சுதாகரன், விடும்," என்றார் அண்ணை, நிலத்தைப் பார்த்தபடி.

நான் விடவில்லை. "ஏன் அண்ணை விடவேணும்? பெத்த தாய்க்கு அடக்கத் தெரியாத பிள்ளையை நாங்களே அடக்குறது?"

லூர்த்தம்மா சுவர்ப்பக்கம் திரும்பினாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. உரப்பையை இழுத்துவந்து மேசையடியில் வைத்து, அதன் வாயை அவிழ்த்தாள்.

"சரி தம்பி. உண்மையையே எழுதுங்கோ."

ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். வெற்றுச் சாராயப் போத்தல்கள். கழுவித் துடைத்து, பளபளவென்று இருந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் சிவப்பு ரிபன்.

கோல் அடித்த மட்சுக்கு ஒரு போத்தல். எங்கள் கழகத்தில் அது பழைய வழக்கம். யாரும் அதைப் பிழையென்று நினைத்ததில்லை.

"எறியப் போனால் விடமாட்டான். 'எறியாதையணை அம்மா, அதில என்ரை பேர் கிடக்கு' எண்டுவான். மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில, கப் அடுக்கிற மாதிரி அடுக்கி வச்சிருக்கிறான்."

பதினேழு போத்தல்கள். மேசையில் இடம் போதாமல், நான் எழுதிக்கொண்டிருந்த கடிதத்தின் மேலேயே கடைசிப் போத்தலை வைத்தாள். அதில் ஒட்டியிருந்த வெள்ளைக் கடதாசியை என் பக்கமாகத் திருப்பினாள்.

'ஆட்ட நாயகன் ஷெரோனுக்குக் கழகத்தின் அன்புப் பரிசு. இன்னும் இன்னும் வெல்க!'

இன்னாசித்தம்பி அண்ணை எழுந்து யன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

லூர்த்தம்மா, மேசையில் உருண்டு கிடந்த பேனையை எடுத்து என் கையில் வைத்தாள்.

"காரணத்தை இதைப் பாத்து எழுதுங்கோ தம்பி. இதுவும் உங்கடை கையெழுத்துத்தானே."