ரிவர்ஸ் விழவில்லை

"வாய் வார்த்தையா சொல்லாத கொளஞ்சி. தொறந்து பாத்து சொல்லு."

கோவிந்தசாமி உட்காரக்கூட இல்லை. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பழைய ஜீப்பை டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு செம்மண்டலத்துப் பட்டறைக்கு வந்து சேரவே அரை நாள் ஆகிவிட்டது. வண்டியை அவிழ்த்து விட்டுவிட்டு டிராக்டர்காரன் போய்விட்டான்.

மெக்கானிக் கொளஞ்சியப்பன் ஜீப்பைச் சுற்றி வந்தார். ஒரு வருஷமாக மாட்டுக் கொட்டகையில் கிடந்த வண்டி. சீட்டுக்கு அடியில் வெள்ளாற்று வண்டல் காய்ந்து வெடித்திருந்தது. முப்பது வருஷமாக ஜீப்பைத் தவிர வேறெதையும் தொடாத மனிதர். அவருக்கே இந்த வண்டியில் கை வைக்க மனசு வரவில்லை.

கதை அவருக்கும் தெரியும். போன வருஷப் புயல் மழையில் கோவிந்தசாமியின் மனைவி விருத்தாம்பாளுக்கு மூச்சு முட்டியது. மகன் அறிவழகன் அம்மாவை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்ற தைரியத்தில் தரைப்பாலத்துத் தண்ணீரில் இறக்கிவிட்டான். பாதியில் வெள்ளம் ஏறியது. ஜீப் சாய்ந்தது. மகன் கரையேறினான், தாய் மறுநாள் கரும்புக் கொல்லையில் கிடைத்தாள்.

"பின்னால எடுக்கப் பாத்தேம்பா, ரிவர்ஸ் விழல" என்பதைத் தவிர அறிவழகன் வேறெதுவும் சொல்லவில்லை. உயிருக்குப் பயந்து பெற்றவளை விட்டுவிட்டுக் குதித்தவன் கதை கட்டுகிறான் என்றார் கோவிந்தசாமி. கருமாதிக்கு மகனை உட்கார விடவில்லை. பங்காளி வீட்டுப் பையனை வைத்துக் காரியத்தை முடித்தார். அன்று வெளியேறியவன் சிதம்பரத்தில் ஒரு அரிசி மண்டியில் மூட்டை தூக்குவதாகக் கேள்வி.

"புதங்கெழம அவளுக்கு வருஷ தெவசம்" என்றார் கோவிந்தசாமி. "அவன் சொன்னது நெசம்னா அவன் கையாலயே எள்ளும் தண்ணியும் உடட்டும். பொய்யின்னா அவன் எனக்குப் புள்ளையே இல்ல. வெள்ளத்துக்கு முந்தின ஆடி மாசம் இந்த கியர் பொட்டியத் தொறந்து வேல பாத்தவன் நீ. ஒனக்குத்தான் தெரியும்."

கியர் ராடைத் தானே ஆட்டிப் பார்த்ததாகவும், அது எல்லாப் பக்கமும் போவதாகவும் சொன்னார்.

"ராடு போறது வேற, கியர் விழறது வேற அண்ணே" என்றார் கொளஞ்சியப்பன்.

கிளட்சிலிருந்து ஆரம்பித்தார். கிளட்ச் சரியாக விடவில்லை என்றால் பல் கடிக்கிற சத்தம் கேட்டிருக்கும், அப்படி ஏதும் மகன் சொன்னானா என்று கேட்டார். பையனைப் பேசவே விடவில்லை என்றார் கோவிந்தசாமி. கொளஞ்சியப்பன் கீழே படுத்து கிளட்ச் தண்டைப் பார்த்தார், வளையவில்லை. நாலு சக்கரத்துக்கான சின்ன ராடு இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. இனி பெட்டியைத் திறப்பதைத் தவிர வழியில்லை. முட்டி வலியோடு உள்ளே ஏறித் தரைத் தகட்டைக் கழற்றினார். துருப்பிடித்த போல்ட்டுகள் ஒவ்வொன்றும் அவர் உயிரை வாங்கின.

மேல் மூடியைத் தூக்கியபோது கியர்களைத் தள்ளும் ஃபோர்க்குகளும் அதோடு வந்தன. அதை மடியில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு, கோவிந்தசாமிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"என்னாடா?" என்றார் கோவிந்தசாமி.

"பையன் பொய் சொல்லலண்ணே."

கோவிந்தசாமி கையால் துழாவி ஸ்டூலைப் பிடித்து உட்கார்ந்தார்.

"ரிவர்ஸ் ஃபோர்க்குல ஒரு போல்ட்டு இருக்கு. அது கழண்டா ராடு மட்டும்தான் போவும், கியர் விழாது. கழலாம இருக்க கம்பி முறுக்கிக் கட்டணும்." கொளஞ்சியப்பன் திரும்பவில்லை. "ஆடியில நான் அதக் கட்ட மறந்துட்டேன்."

கோவிந்தசாமி எழுந்து வந்து அவர் சட்டையைப் பிடித்தார். அறைவார் என்று கொளஞ்சியப்பன் கண்ணை மூடிக்கொண்டார். அடி விழவில்லை.

"ஒரு வருஷமா பெத்த புள்ளய கொலகாரன்னு சொன்னேனேடா, ஒன்னால. எங்க பக்கத்து வண்டி ஒண்ணுகூட இனிமே ஒன் பட்டறைக்கு வராது."

ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துக் கரும்புக்காரர்களின் ஜீப்புகள்தான் கொளஞ்சியப்பனுக்குப் பாதிப் பிழைப்பு. தலையை மட்டும் ஆட்டினார்.

கோவிந்தசாமி தெருவில் இறங்கினார். போன ஆட்டோவைக் கையைத் தட்டி நிறுத்தினார். சிதம்பரம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், சீக்கிரம் போ என்று அவர் சொல்வது பட்டறை வரை கேட்டது. குரலில் அழுகை இருந்தது, அவசரமும் இருந்தது.

ஆட்டோ திரும்பி மறைகிற வரை கொளஞ்சியப்பன் அசையவில்லை. பிறகு மடியிலிருந்த மூடியை வெளிச்சத்துக்குத் திருப்பினார். ரிவர்ஸ் ஃபோர்க்கின் போல்ட் இம்மியும் அசையாமல் இறுகியிருந்தது. ஆடி மாதம் அவர் முறுக்கிக் கட்டிய கம்பியை, கட்டிங் பிளேயரை எடுத்து இப்போதுதான் வெட்டினார்.